கந்தகம் அறிந்த மூக்கு

சிவகாசிப் பிள்ளைகளுக்குக் கந்தகத்தை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. வேதியியல் புத்தகத்தில் அது 16ஆம் தனிமமாக வந்து நிற்பதற்கு வெகுகாலம் முன்பே அவர்களுடைய மூக்குக்கு அது பழக்கம். தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் இறங்கினால் போதும். ஐப்பசி மழை இரவோடு இரவாகப் பெய்து, வெடித்துச் சிதறிய காகிதக் குவியலை நனைத்திருக்கும். முந்தின இரவு மூக்கைச் சுள்ளென்று குத்திய புகை போய், அந்த ஈரக் குப்பையிலிருந்து வேறொரு வாடை கிளம்பும். அழுகிய முட்டை வாடை. பட்டாசு மருந்து எரிந்தபின் எஞ்சும் சாம்பலில் பொட்டாசியம் சல்ஃபைடு போன்ற கந்தக உப்புகள் கிடக்கின்றன. அவற்றின் மேல் தண்ணீர் பட்டதும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளியேறுகிறது. மூட்டையில் கிடக்கும் சுத்தமான கந்தகத் தூளுக்கு இப்படி ஒரு வாடை கிடையாது. எரிந்தாலோ, வேறொன்றோடு சேர்ந்தாலோதான் கந்தகத்தின் குணம் தெரியும்.

இந்தப் படிப்பினை உள்ள மூக்கோடு ஒரு சிவகாசிச் சிறுமி பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் எப்வாஸ் என்ற ஊரில் போய் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய ஒரு சீஸ் அங்கே வட்டமான மரப்பெட்டியில் வரும். உள்ளங்கை அகலம், கால் கிலோ எடை, செங்கல் நிறத்தில் சுருங்கிப் பளபளக்கும் தோல். பெட்டியைத் திறந்ததும் அறையே முகம் சுளிக்கும். ஐரோப்பாவில் இதைப் பிள்ளைகளுக்கு விளக்க வருபவர்கள் வழக்கமாக ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்: காலுறை நாற்றம். பிள்ளைகள் சிரிப்பார்கள், விளக்கமும் அதோடு முடிந்துவிடும். கந்தகத்தைத் தெரிந்த பிள்ளைக்கு அதைவிட நல்ல விளக்கம் சொல்ல முடியும்.

செய்முறையின் தொடக்கம் எந்தத் தமிழ் அடுக்களைக்கும் புரியக்கூடியது. பாலை உறைய விடுகிறார்கள். பெரும்பாலும் புளிக்கவைக்கும் பாக்டீரியாவே வேலையைச் செய்கிறது, ரென்னெட் என்னும் உறைபொருள் துளியளவு. சீஸ் வகைகள் பலவற்றில் பால் ஒரு மணி நேரத்துக்குள் கட்டியாகிவிடும். எப்வாஸுக்கு ஏறக்குறைய ஒரு பகல் பொழுதும் ராத்திரியில் பாதியும் ஆகும். அந்தக் கட்டத்தில் அது கெட்டித் தயிர்தான். வடிய விட்டு, உப்புப் போட்டு, காற்றாட வைக்கிறார்கள். இதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. சீஸை எடுத்துக் குளிப்பாட்டத் தொடங்குகிறார்கள். முதலில் உப்புத் தண்ணீர். நாளாக நாளாக அந்தத் தண்ணீரில் ‘மார்க்’ என்ற சாராயம் கலக்கப்படும். ஒயினுக்குப் பிழிந்த திராட்சையின் சக்கையிலிருந்து வடிப்பது. வாரத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று தடவை, ஒவ்வொரு வட்டையும் கையில் எடுத்து, தூரிகையாலோ விரலாலோ நனைத்துத் துடைத்துத் திருப்பி வைக்க வேண்டும். இப்படிக் குறைந்தது 4 வாரம். வெள்ளையாக இருந்த தோல் மஞ்சளாகி, பிறகு ஆரஞ்சாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வருகிறது. சாயம் எதுவும் சேர்ப்பதில்லை, சேர்க்கவும் கூடாது. அந்த நிறம் தோலில் வாழும் பாக்டீரியாவின் நிறம்.

எந்தக் குழந்தையும் இங்கே ஒரு கேள்வி கேட்கும், கேட்க வேண்டும். குளித்தால் நாற்றம் போகத்தானே வேண்டும்? இது ஏன் குளிக்கக் குளிக்க நாறுகிறது?

பதில் உப்பில் இருக்கிறது. ஈரமாக விட்ட எந்தச் சீஸின் மேலும் பூஞ்சை பூக்கும். உப்புத் தண்ணீரால் ஓயாமல் துடைத்தால் பூஞ்சை வேர்கொள்ள முடியாது. அதே உப்பையும் ஈரத்தையும் சொர்க்கமாக நினைக்கும் ஒரு கூட்டமும் உண்டு. முதலில் சில ஈஸ்ட்டுகள் வந்து சீஸின் மேற்பரப்பில் இருக்கும் புளிப்பைத் தின்று தீர்க்கின்றன. புளிப்பு இறங்கியதும் பிரெவிபாக்டீரியம் லினென்ஸ் முதலான பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. துடைக்கும் தூரிகை அவற்றை ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கும், ஒரு சீஸிலிருந்து அடுத்த சீஸுக்கும் கொண்டுபோகிறது. பழைய நிலவறைகளில் முற்றிய சீஸை முதலில் துடைத்து, அதே தண்ணீரைத் தொட்டு இளசுகளைத் துடைக்கும் வழக்கமே இருந்தது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விடுகிறவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆக, அந்தக் குளியல் அழுக்கைக் கழுவுவதற்கு அல்ல, விதைப்பதற்கு.

16ஆம் நூற்றாண்டில் சிஸ்டெர்சியத் துறவிகள் எப்வாஸில் இதைத் தொடங்கினார்கள் என்பது அந்த ஊர் சொல்லும் கதை. மடங்களோடு இந்தக் குடும்பத்துச் சீஸ்களுக்கு உறவு அதிகம். மன்ஸ்டர் என்ற சீஸின் பெயரிலேயே மடாலயம் இருக்கிறது. மறுவால் என்ற இன்னொரு சீஸின் பெயர் வடக்கு பிரான்சின் ஒரு மடத்துப் பெயர். எப்வாஸ் மட்டும் இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு ஏறக்குறைய அழிந்தேபோனது. ஆண்கள் போருக்குப் போனார்கள், செய்முறை கைவிட்டுப் போனது. 1956இல் அந்த ஊரின் ரொபேர் பெர்த்தோ, சிமோன் பெர்த்தோ தம்பதி, பழைய செய்முறை தெரிந்தவர்களிடம் கேட்டுக் கற்று, அதை மறுபடி எழுப்பினார்கள். 1991இல் அந்தப் பெயருக்குச் சட்டக் காப்புக் கிடைத்தது.

காலுறை நாற்றம் என்ற கேலி வெறும் கேலி அல்ல என்பதை ஒரு கொசு நிரூபித்திருக்கிறது. மனிதப் பாதத்தில், விரலிடுக்கு வியர்வையில், பிரெவிபாக்டீரியம் எபிடெர்மிடிஸ் என்று ஒன்று வாழ்கிறது. சீஸ் தோலில் வாழும் லினென்ஸுக்கு அது பங்காளி. 1990களில் டச்சுப் பூச்சியியலாளர் பார்ட் நோல்ஸ், ஆப்பிரிக்காவில் மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் காம்பியே கொசு மனிதனின் காலையும் கணுக்காலையுமே விரும்பிக் கடிப்பதைக் கவனித்தார். காலின் வாடைதான் இழுக்கிறது என்றால், அதே வாடை அடிக்கும் லிம்பர்கர் சீஸும் இழுக்க வேண்டுமே என்று சோதித்துப் பார்த்தார். இழுத்தது. 1996இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் செய்தி வந்தது. பத்து வருடம் கழித்து அவருக்கும் சக ஆய்வாளருக்கும் இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் கிடைத்தது. ஆனால் விஷயம் வேடிக்கையோடு நிற்கவில்லை. கொசுவைப் பொறியில் வீழ்த்த என்ன வாடை வைக்கலாம் என்ற ஆராய்ச்சிக்கு அது ஒரு தொடக்கம். 2013இல் டப்ளினில் ஒரு கண்காட்சியில் மனிதத் தோலிலிருந்து எடுத்த பாக்டீரியாவைக் கொண்டே சீஸ் செய்து காட்டினார்கள். தின்பதற்கு அல்ல, முகர்வதற்கு. பெரியவர்கள் பலரும் விலகி நின்றிருப்பார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்திருக்கும்.

சிவகாசி மூக்குக்கு நெருக்கமான பகுதி இனிமேல்தான். பாலில் இருக்கும் புரதங்களில் மெத்தியோனின் என்று ஒரு அமினோ அமிலம் உண்டு. அதன் உடம்பில் ஒரு கந்தக அணு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியா புரதத்தை உடைத்துத் தின்னும்போது, அந்தக் கந்தகம் மெத்தேன்தயால் என்னும் வாயுவாக வெளியேறுகிறது. முட்டைக்கோஸை அளவுக்கு மீறி வேகவைத்தால் வருவதும் இந்த வாடைதான். புரதம் உடைவதால் சீஸின் உள்பாகமும் இளகி, கரண்டியால் அள்ளித் தின்னும் பதத்துக்கு வருகிறது. வெளியே நாற்றமும் உள்ளே வெண்ணெய்ப் பதமும் ஒரே வேலையின் இரண்டு பலன்கள். ஒன்றை விட்டு மற்றதை மட்டும் வாங்கிவர வழியில்லை.

மெத்தேன்தயாலுக்கு ஓர் அண்ணன் உண்டு, எத்தேன்தயால். அவர் ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலும் சிவப்பு உருளைக்குள் உட்கார்ந்திருக்கிறார். சமையல் எரிவாயுவுக்குச் சொந்தமாக வாடை எதுவும் சொல்லும்படி இல்லை; கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதைத் துளித் துளியாகக் கலக்கிறார்கள். நூறு கோடிப் பங்கு காற்றில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் பள்ளிப் பிள்ளைகளின் சாவு இருக்கிறது. 1937 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்துக்கு அடியில் வாடையில்லாத இயற்கை எரிவாயு கசிந்து நிறைந்திருந்தது. ஒரு பொறி பட்டதும் கட்டடமே எழும்பி விழுந்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் மாணவர்கள். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. வெடியோடு வாழும் ஒரு வட்டாரத்தில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மருந்து கலக்கும் அறையில் எத்தனை பேர் நிற்கலாம் என்பதற்கே விதி இருக்கும் இடம் அது. அங்கே கெட்ட வாடை என்பது ஓடு என்று சொல்லும் குரல்.

(2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தபின் வந்த புதுக் கலவைகளில் ஒன்று, நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் வகுத்த ‘ஸ்டார்’. அதில் வெடியுப்பும் இல்லை, கந்தகமும் இல்லை. அந்த வகை மட்டுமே வெடிக்கும் தீபாவளி ஒன்று வந்தால், மறுநாள் காலை முட்டை வாடையும் போய்விடும். அன்றைக்கு இந்தக் கட்டுரையின் முதல் பத்திக்கு அடிக்குறிப்பு தேவைப்படும்.)

விருதுநகர் மாவட்டத்தில் எப்வாஸ் செய்ய முடியுமா? பாலுக்குக் குறையில்லை. குறை ஈரத்துக்குத்தான். சீஸை முற்ற வைக்கும் நிலவறையில் வெப்பம் 12 டிகிரியை ஒட்டியும், காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேலும் இருக்க வேண்டும். சுவரில் கை வைத்தால் தண்ணீர் ஒட்ட வேண்டும். சிவகாசியோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் கரிசல் காடு. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபோது அந்தத் தொழில் இங்கே நிலைத்ததற்குக் காரணம் இந்த வறட்சிதான். மருந்து தோய்த்த குச்சி காய வேண்டும், ஒட்டிய பெட்டி காய வேண்டும், உருட்டிய காகிதக் குழாய் காய வேண்டும். வானம் பொய்த்ததால் விவசாயம் பொய்த்தவர்களின் வீடுகளிலிருந்துதான் தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசு ஆபீஸுக்கும் ஆள் கிடைத்தது. அடைமழை பிடித்துக்கொண்டால் இன்றைக்கும் வேலை முடங்கும். பர்கண்டி நிலவறைக்காரர் எந்த ஈரத்துக்குத் தவம் கிடக்கிறாரோ, அதே ஈரம் சிவகாசிக்காரருக்கு ஜென்ம விரோதி.

ஆகவே இந்த வட்டாரம் பாலுக்கு வேறொரு வழி கண்டது. சிவகாசியிலிருந்து அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். மலையடிவாரத்துப் புல் மேய்ந்த மாடுகளின் பால், சர்க்கரை, நெருப்பு, அவ்வளவுதான் அந்த ஊர்ப் பால்கோவாவின் சேர்மானம். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். பாலைக் கெடுக்கும் எந்த உயிருக்கும் அந்தத் தண்ணீர் வேண்டும். பால்கோவாக்காரர் அதைத் துரத்திவிடுகிறார். அகலமான கடாய் விறகடுப்பில் ஏறுகிறது. பால் பொங்கி அடங்கிய பிறகு, நீளக் கைப்பிடிக் கரண்டியால் அடி தட்டாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் ஒட்டும் ஆடையை வழித்து வழித்து நடுவில் தள்ளுகிறார்கள். முதலில் சளசளவென்று இருந்த சத்தம், தண்ணீர் வற்ற வற்றத் தடித்து, கடைசியில் கொதிக்கும் கூழ் போல ‘பொத், பொத்’ என்று குமிழி வெடிக்கும். கை எடுத்தால் அடிப்பிடிக்கும். முன்னாடியே இறக்கினால் நீர்விட்டுப்போகும். பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து இலேசான பழுப்பைக் கொடுக்கின்றன. கோவாவின் மணமும் அந்தச் சேர்க்கையில் பிறப்பதுதான். 2019இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எப்வாஸ் 1991இல் பெற்றதும் ஏறத்தாழ இதே வகை உரிமைதான்: அந்த ஊரில், அந்த முறையில் செய்தால்தான் அந்தப் பெயர்.

பாலைக் காப்பாற்ற ஓர் ஊர் நுண்ணுயிரை வெளியேற்றியது, இன்னோர் ஊர் நுண்ணுயிருக்கே வேலை கொடுத்தது. முதல் ஊரின் பண்டம் பிறந்த நாளன்றே உச்சத்தில் இருக்கும், சில நாளில் இறங்கிவிடும். இரண்டாவது ஊரின் பண்டம் முதல் நாளில் ஒன்றுமில்லை. ஒரு மாதம் காத்திருந்தால்தான் அதற்கு முகம் வரும். எது உயர்ந்தது என்ற பட்டிமன்றம் வேண்டாம். சூடான பால்கோவா வாழையிலையில் இருக்கும்போது பட்டிமன்றத்தில் நடுவர்கூட இருக்கமாட்டார்.

தமிழ்நாட்டில் குளிப்பாட்டிய சீஸே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆரோவில்லில் 1980களின் கடைசியில் தொடங்கிய லா ஃபெர்ம் என்னும் சீஸ் பண்ணை, ஆரோப்ளோஷோன் என்ற பெயரில் ஒன்றைச் செய்கிறது. பெயரும் குணமும் பிரான்சின் சவுவா மலைப்பகுதியில் செய்யும் ரெப்ளோஷோனிடமிருந்து வந்தவை. ரெப்ளோஷோனும் தோல் கழுவிய சீஸ், ஆனால் எப்வாஸ் அளவுக்கு ஊரைக் கூட்டாது. அதன் பிறப்புக் கதை பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்றது. அந்த மலையில் குடியானவர்கள் கறக்கும் பாலின் அளவுக்கு ஏற்ப நிலச்சுவான்தாருக்கு வரி கட்ட வேண்டியிருந்தது. அளக்க ஆள் வரும் நாளில் மடியை முழுக்கக் கறக்காமல் பாதியில் நிறுத்திவிடுவார்கள். ஆள் அந்தப் பக்கம் போனதும் மறுபடி உட்கார்ந்து கறப்பார்கள். கடைசியாக இறங்கும் பாலில்தான் கொழுப்பு அதிகம். வரிக்குத் தப்பிய அந்தக் கெட்டிப் பாலில் செய்ததுதான் ரெப்ளோஷோன். கன்றுக்கு விட வேண்டும் என்று காம்பில் கொஞ்சம் மிச்சம் வைக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளை, கடைசிப் பாலின் கெட்டியை விளக்கம் இல்லாமலே தெரிந்துவைத்திருக்கும்.

நாற்றத்தின் வேதியியலைச் சொல்லியாயிற்று. அது ஏன் ஒருவருக்கு நாற்றமாகவும் இன்னொருவருக்கு விருந்தாகவும் இருக்கிறது என்பதை வேதியியல் சொல்லாது. அதற்குச் சிவகாசியின் மூன்றாவது தொழிலான அச்சுத் தொழிலிடம் போக வேண்டும். தீப்பெட்டி லேபிளில் தொடங்கிக் காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி என்று இந்தியா முழுவதற்கும் ஒட்டுத்தாள் அடித்துக் கொடுக்கும் ஊர் அது. ஒரே சரக்கு, வேறு படம், வேறு பெயர், வேறு மதிப்பு என்பது அச்சகத்தில் வேலை பார்க்கும் பையனுக்கு அன்றாட அனுபவம். 2005இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதையே வாடையில் செய்து பார்த்தார்கள். கால் வியர்வையிலும் பழுத்த சீஸிலும் இருக்கும் ஐசோவலேரிக் அமிலத்தில் கொஞ்சம் செடார் சீஸ் மணம் சேர்த்து, ஆட்களுக்கு முகரக் கொடுத்தார்கள். ஒரு தடவை திரையில் ‘செடார் சீஸ்’ என்று எழுத்து வந்தது, இன்னொரு தடவை ‘உடல் நாற்றம்’ என்று வந்தது. முகர்ந்தது ஒரே புட்டியைத்தான். சீஸ் என்று படித்தவர்கள் பரவாயில்லை என்றார்கள். உடம்பு என்று படித்தவர்கள் முகம் திருப்பினார்கள். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை, மூளையில் வாடையைக் கையாளும் பகுதிகளின் வேலையே லேபிளுக்கு ஏற்ப மாறியிருந்தது. மூக்கு பொய் சொல்லவில்லை. அதன் மேல் ஒட்டிய தாள்தான் தீர்ப்பை எழுதியது.

பிரெஞ்சுக்காரர் எல்லாரும் இந்த லேபிளோடு பிறந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 2016இல் லியோன் நகரத்து ஆய்வாளர்கள் 332 பேரிடம் எந்த உணவு அருவருப்பு என்று கேட்டார்கள். வேறெந்த உணவையும்விடச் சீஸைச் சொன்னவர்களே அதிகம். நூற்றுக்கு 11 பேருக்கு மேல். அதுவும் சீஸைத் தேசியக் கொடி போல ஏற்றிவைத்திருக்கும் நாட்டில். கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது வாசல் பக்கம் போய் நிற்கும் மருமகனும் மருமகளும் தமிழ் வீடுகளில் இருக்கிறார்களே, அவர்களுக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கருவாட்டையும் இந்தப் பாடத்தில் சேர்த்தே ஆக வேண்டும். அதன் வாடைக்குக் காரணம் டிரைமெத்தில் அமீன். கடல் மீனின் தசையில் இருக்கும் ஒரு பொருளைப் பாக்டீரியா உடைக்கும்போது அது வருகிறது. காரத்தன்மை உள்ள அந்த வாயுவைப் புளிப்பு கட்டிப்போட்டு, ஆவியாகாத உப்பாக மாற்றிவிடும். மீன் குழம்பில் புளி ஊற்றுவதன் பின்னால் இருக்கும் கணக்கு இது; கரைத்து ஊற்றிய பாட்டிகளுக்கு டிரைமெத்தில் அமீன் என்ற பெயர் தேவைப்படவில்லை. அப்படியும் முழுதாகப் போய்விடாது, கொஞ்சம் நிற்கும். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் கருவாடு. ஒன்றுமே நாறக்கூடாது என்றால் கத்தரிக்காயை மட்டும் போட்டுக் குழம்பு வைத்துவிட்டுப் போகலாமே.

அந்தக் கொஞ்சத்தை விரும்பும் பழக்கம் எப்போது தொடங்குகிறது? பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் நடந்த ஓர் ஆய்வு 2000இல் வெளியானது. கர்ப்ப காலத்தின் கடைசி நாள்களில் சோம்பு மணமுள்ள பண்டங்களைத் தின்ற தாய்மாரின் குழந்தைகள், பிறந்த சில மணி நேரத்திலேயே சோம்பு வாடையின் பக்கம் தலையைத் திருப்பின. தின்னாத தாய்மாரின் குழந்தைகள் விலகின, அல்லது கண்டுகொள்ளவில்லை. கருவறைக்குள்ளேயே ஒட்டப்பட்ட லேபிள் அது. கருவாடு மணக்கும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கும் எப்வாஸ் மணக்கும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கும் வித்தியாசம் நாக்கில் இல்லை, முகவரியில் இருக்கிறது.

பிறந்த பிறகும் கற்றுக்கொள்ளலாம் என்று நம்பியவர் ழாக் புய்சே. பிரான்சின் தூர் நகரத்து ஒயின் வல்லுநரான அவர், 1970களில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுவை வகுப்புகள் தொடங்கினார். ‘பிடித்திருக்கிறதா’ என்ற கேள்வியை அவர் முன்னால் வைக்கவில்லை. முதலில் பார், தொடு, முகர், கடிக்கும்போது என்ன சத்தம் கேட்கிறது சொல், அப்புறம் தின். பிள்ளைக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனால் எது பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ‘ச்சீ’ என்பது ஒரு முடிவு. ‘உப்பு தூக்கலாக இருக்கிறது, தொண்டையில் கரிக்கிறது’ என்பது ஒரு விவரம். விருதுநகரிலோ சாத்தூரிலோ ஒரு ஆறாம் வகுப்பு ஆசிரியைக்கு இப்படி ஒரு வகுப்பு எடுக்கப் பிரெஞ்சுச் சீஸ்கூட வேண்டியதில்லை. கட்டிப் பெருங்காயம் ஒரு துண்டு, நெத்திலிக் கருவாடு நாலு, முந்தின நாள் நீராகாரம் ஒரு சொம்பு போதும். பெருங்காயத்தில் இருப்பதும் கந்தகச் சேர்மங்கள்தான். எண்ணெயில் பொரிந்ததும் அதே கட்டி சாம்பார் மணமாக மாறுவதைப் பிள்ளைகள் கண்முன்னே பார்க்கலாம்.

வகுப்பில் ஒரு சின்ன சோதனையும் செய்யலாம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பண்டத்தை வாயில் போட்டு மென்று, பிறகு மூக்கை விடச் சொன்னால், சுவை திடீரென்று வந்து இறங்கும். மென்ற பண்டத்தின் மணம் தொண்டையின் பின்வழியாக ஏறி மூக்குக்குப் போகிறது. வெளியிலிருந்து முகர்வதும் உள்ளிருந்து முகர்வதும் மூளைக்கு ஒன்றல்ல என்று 1982இல் அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் எழுதினார். வாசலில் நிற்கும்போது விரட்டும் சீஸ், வாய்க்குள் போனதும் வெண்ணெயும் உப்பும் லேசான கசப்புமாக ஆகிவிடுவது இதனால்தான். நாற்றமெடுக்கும் சீஸைத் தின்கிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தின்னவில்லை; அவர்களுக்குள் நுழைவது வேறு மணம்.

பிள்ளைகளுக்கு இவ்வளவையும் சொல்லிவிட்டு, இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஒன்று, காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸ்களை ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று பிரெஞ்சு அரசே 2019இலிருந்து சொல்லிவருகிறது. தோலில் தெரியும் நல்ல பாக்டீரியாவோடு, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கெட்டது ஒன்று பாலிலேயே வந்திருக்கலாம். அதற்கு வாடை கிடையாது. எத்தேன்தயால் போல எச்சரிக்க அங்கே யாரும் இல்லை. இரண்டாவது, எப்வாஸுக்கும் கெட்டுப்போகும் நாள் உண்டு. புரதம் உடைவது எல்லை தாண்டினால் அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும். அப்போது பெட்டியைத் திறந்தால் முட்டைக்கோஸும் காலுறையும் பின்னுக்குப் போய், துப்புரவு செய்யாத கழிப்பறை வாடை முன்னால் நிற்கும். கண் கரிக்கும், தோல் கொழகொழத்துப் பழுப்பேறியிருக்கும். அந்த நிலையில் பர்கண்டிக்காரரும் அதை மார்க் ஊற்றி மீட்கப் பார்க்கமாட்டார். பெட்டியோடு குப்பையில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய் வேறொன்று வாங்கி வருவார்.